பலவீனம் என்னவென்று கேட்டால்

ஜனவரி 6

வக்கீல் சாருக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. "கூட்டத்துக்குப் போனியா, கூத்தடிக்கப் போனியா?" என்று கட்டின புருஷன் கேட்டால் யார்தான் வைக்கமாட்டார்கள்? இனி எதுவானாலும் கடிதத்தில் பேசிக்கொள்வோம் என்றது நீங்கள்தான். எழுத்தில் இருந்தால்தான் உங்களுக்கு எதுவும் செல்லும். சரி, எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். பாப்பாவுக்கு ஷூ கடிக்கிறதாம். "பழகிடும்" என்று சொல்லி அனுப்பாமல் ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுங்கள்.

இனி கூட்டம். கடைசி வருட மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் முன்னால் பெரிய சட்ட நிறுவனங்கள் இப்படி ஒரு மாலை வைத்து ஆளை அளந்து பார்க்குமாம். ஒரு கையில் கப், இன்னொரு கையில் கேக் தட்டு. கை குலுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கூடப் படிப்பதுகள் எல்லாம் இருபத்திரண்டு வயது. கூச்சமில்லாமல் யார் பேச்சிலும் போய் நுழைகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெண்ணுக்கு அப்பா நீதிபதி. அவளைப் பார்த்துப் பெரியவர்களே தேடி வந்து பேசுகிறார்கள். என்னைப் பார்த்து ஒருவர் அவசரமாக நாற்காலி இழுத்துப் போட்டு, "உங்க பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார்.

அழுகை வராத குறை. அப்போதுதான், "அக்கா, நீங்களா?" என்று ஒரு குரல். உங்கள் பழைய ஜூனியர். குறுந்தாடி வைத்திருக்கிறார், அடையாளமே தெரியவில்லை. இப்போது அந்த நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். என்னைக் கூட்டிப்போய் அங்கே எல்லாம் முடிவு செய்கிற பெரிய மேடத்திடம் அறிமுகம் செய்தார். நேர்காணல் அடுத்த மாதம். எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். அது கிடைத்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. கிடைக்காவிட்டால், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் சட்டம் படிக்க வந்தவளை யார் சீந்துவார்கள்?

அதனால் கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, நேர்காணலில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஆபீஸுக்கு எதிர் அறை வக்கீலம்மா தினமும் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்புகிறாராமே. பாப்பா சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
டீச்சர்

---

ஜனவரி 11

டீச்சருக்கு,

ஷூ வாங்கியாகிவிட்டது. டிபன் பாக்ஸ் பாப்பாவுக்கு வருகிறது, எனக்கல்ல. மிச்சம் இருந்தால் நான் சாப்பிடுகிறேன். அந்த அம்மாளுக்குத் தன் வழக்குகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாது; நீ பயப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பயல் தாடி வைத்திருக்கிறானா? என்னிடம் சேர்ந்தபோது வாய்தா மனுவில் தேதி போட மறப்பான். கோர்ட்டுக்குப் போகும்போது கழுத்துப் பட்டையைக் கட்டத் தெரியாமல் முழிப்பான், கட்டிவிட்டது நான். நம் வீட்டில் உட்கார்ந்து நீ போட்டதைச் சாப்பிட்டுவிட்டு என் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன், இன்றைக்கு என் பெண்டாட்டியைப் பெரிய மனிதர்களுக்கு அறிமுகம் செய்கிறான். செய்யட்டும். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் அந்த மாதிரி அலுவலகத்தின் லிஃப்டில்கூட ஏறியதில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

இனி கேள்விகள்.

"இந்த வயதில் ஏன் சட்டம்?" என்பார்கள். வீட்டுக்காரர் வக்கீல், அவர் மனுக்களை டைப் அடித்துப் பழகினேன் என்று சொல். அதுதான் உண்மையும்கூட.

"உங்கள் பலவீனம் என்ன?" என்பார்கள். எவனாவது உண்மையான பலவீனத்தைச் சொல்வானா? "எடுத்த வேலையை முடிக்காமல் தூங்கமாட்டேன், அதுதான் என் பலவீனம்" என்று சொல். கேட்பவனுக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் எழுதிக்கொள்வான்.

"சமீபத்தில் உங்களை யோசிக்க வைத்த வழக்கு?" இதற்கு நம் கடைத்தெரு வழக்கைச் சொல். டெய்லரும், வாட்ச் ரிப்பேர்காரரும், மற்ற கடைக்காரர்களும் நம்மிடம் வந்தார்களே, அதுதான். கட்டடம் இற்றுப்போய்விட்டது, எப்போது வேண்டுமானாலும் இடிந்து விழும், இவர்களை வெளியேற்றுங்கள் என்று உரிமையாளர் போட்ட வழக்கு. எல்லாரும் பயந்து காலி செய்யத் தயாராகிவிட்டார்கள். நான் ஒருநாள் டெய்லர் கடையில் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், தலைக்கு மேல் தொம் தொம் என்று சத்தம். "என்னய்யா இது?" என்றால், "மேல ஜிம் நடக்குது சார்" என்கிறார். பின்பக்கச் சந்து வழியாக வாசல், உரிமையாளரின் மச்சான் பெயரில். இடிந்து விழப்போகிற கட்டடத்தின் மாடியில் தடித்தடியாக ஆட்கள் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள். இத்தனை மாதமாக அது தினமும் கேட்கிற சத்தம் என்பதால் கடைக்காரர்களுக்கே தோன்றவில்லை.

அடுத்த மாதம் கட்டடத்தைப் பார்வையிடக் கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்புகிறது. அதுவரை மூச்சு விடப் போவதில்லை. அன்றைக்கு அவரை நேராகப் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப்போவேன். அதோடு வழக்கு முடிந்தது.

இதை அப்படியே சொல். அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு நம் சந்து எங்கே தெரியப் போகிறது? அந்தப் பயல் காதிலும் நன்றாக விழட்டும்.

உன்,
வக்கீல்

---

ஜனவரி 24

வக்கீல் சாருக்கு,

விடுதி அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பழகுகிறேன். அறைத்தோழி கட்டிலில் சாய்ந்துகொண்டு நீதிபதி மாதிரி கேள்வி கேட்கிறாள். "தூங்கமாட்டேன்னு சொல்றப்ப கொட்டாவி விடாதீங்க" என்கிறாள்.

உங்கள் ஜூனியர் நேற்று அலுவலகத்தின் கீழே இருக்கிற காபிக் கடைக்கு வரச் சொன்னார். இங்கே எல்லாரும் இப்படித்தான் ஆள் பிடிக்கிறார்கள், நீங்கள் உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். "வேலை வேணும்னு கேக்காதீங்கக்கா. யோசனை கேளுங்க. யோசனை சொன்னவங்களுக்கு நம்ம மேல ஒரு அக்கறை வந்துடும்" என்றார். அந்த நீதிபதி வீட்டுப் பெண் இதுவரை நான்கு பேரோடு காபி குடித்துவிட்டாளாம். எனக்கு இவர் ஒருவர்தான்.

பழகிப் பார்க்கலாமே என்று உங்கள் வழக்கைச் சொன்னேன். ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத கடைத்தெருவா? தொம் தொம் என்று நான் மேஜையைத் தட்டிக் காட்டியபோது, கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "வாசல் எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டார். சொன்னேன். "சார் மூளையே மூளை" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இதையே நேர்காணலிலும் சொல்லச் சொன்னார்.

பாப்பா எழுதியிருக்கிறாள், நீங்கள் தலைக்கு மை அடித்திருக்கிறீர்களாம். எனக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில் நம் கல்யாண நாளுக்குக்கூட நீங்கள் தலைமுடியைக் கவனித்ததில்லை. எதிர் அறையில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்களா என்ன?

இப்படிக்கு,
டீச்சர்

---

ஜனவரி 29

டீச்சருக்கு,

மை அடித்தது உன்னைப் பார்க்க வருவதற்காக. நேர்காணல் அன்று அந்த அலுவலக வாசலில் வந்து நிற்கலாம் என்று ஒரு எண்ணம். தாடிக்காரன் பக்கத்தில் நின்றால் நான் உன் மாமனார் மாதிரி தெரிவேன் என்று பயம். காதோரம் தோலெல்லாம் கறுத்துப்போய் இப்போது இன்னும் மோசமாக இருக்கிறது, அதனால் வரவில்லை. போதுமா?

காபிக்கு அவன் காசு கொடுத்தானா, நீ கொடுத்தாயா? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்? கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்கிறேன்.

"சார் மூளையே மூளை" என்றானா? சரியாக அதே வார்த்தைதானா, நீ சேர்த்துச் சொல்கிறாயா? அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன்,
வக்கீல்

---

பிப்ரவரி 17

டீச்சருக்கு,

இன்றைக்குக் கமிஷனர் வந்தார். அவரை நேராகப் பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப்போனேன். டெய்லர், வாட்ச்காரர் எல்லாரும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தார்கள். டெய்லர் சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மாடி காலி.

ஒரு இரும்புத் துண்டு இல்லை, ஒரு கண்ணாடி இல்லை. பெருக்கி, துடைத்து, தரைக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுவரில் ஆங்காங்கே காரை கொத்திவிடப்பட்டிருக்கிறது. "அபாயம், ஏறாதீர்" என்று பலகை, குறுக்கே கயிறு. கமிஷனர் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, "பார்த்தாலே பயமா இருக்கே" என்று எழுதிக்கொண்டார். "இங்க ஜிம் இருந்துச்சுங்க" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான் பொய் சொல்வது போல இருந்தது.

உரிமையாளர் பக்கம் உள்ளூர் வக்கீல்தானே இருந்தார். இன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். உரிமையாளரின் குடும்பத்துக் கம்பெனிகள் எல்லாம் உன் நிறுவனத்தின் கட்சிக்காரர்களாம்.

டெய்லர் திரும்பிப் போனார். கடையைத் திறந்து மெஷின் முன் உட்கார்ந்தார், தைக்கவில்லை. மகள் கல்யாணத்தை இந்தக் கடையை நம்பித்தான் நிச்சயம் செய்திருக்கிறார்.

ஒரு கப் காபி, ஒரு "அக்கா". அதற்கு என் வாழ்க்கையிலேயே பெரிய வழக்கைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாய். உனக்கு அந்த இடம் கிடைக்கும், கவலைப்படாதே. கிடைக்காமல் எப்படி?

வக்கீல்

---

பிப்ரவரி 20

வக்கீல் சாருக்கு,

கிடைத்துவிட்டது. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் கிடைத்தது. அறைத்தோழி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நீதிபதி வீட்டுப் பெண் வந்து வாழ்த்துச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

நேர்காணலில் உங்கள் வழக்கைச் சொல்லத் தொடங்கியதுமே பெரிய மேடம், "அது வேண்டாம், வேறு சொல்லுங்க" என்று நிறுத்தினார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பலவீனத்தைக் கேட்டார்கள். தூங்கமாட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

கடிதத்தைப் படித்ததும் உங்கள் ஜூனியரைக் கூப்பிட்டேன். அவர் மழுப்பவில்லை. "நீங்க சொன்னப்ப அது யாரோட கட்டடம்னு எனக்குத் தெரியாதுக்கா. அடுத்த வாரம் அந்த ஃபைல் என் மேஜைக்கே வந்துச்சு. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு கட்சிக்காரர்கிட்ட எப்படி சொல்றது? மாடியைப் பத்திக் கேள்வி வரும்னு மட்டும்தான் சொன்னேன். காலி பண்ணுங்கன்னு நான் சொல்லல" என்றார். சொல்லவில்லையாம்.

ஆனால் ஒன்று. என்னைத் திட்டுவதற்கு முன் ஜனவரி 11-ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றி யோசித்தீர்களா? "அந்தப் பயல் காதிலும் நன்றாக விழட்டும்." இது யார் கையெழுத்து? எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றா அதை எழுதினீர்கள்? அவன் வாயால் உங்களுக்கு ஒரு பாராட்டு வேண்டியிருந்தது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த நீதிபதி மகளை முந்த வேண்டும் என்கிற வேகத்தில், ஒரு கட்சிக்காரரின் ரகசியம் என்றுகூட யோசிக்காமல் மேஜையைத் தட்டிக் காட்டினேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் டெய்லர் தலையில் கல்லைப் போட்டோம்.

நியமனக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். உங்களுக்காக என்று நினைத்துக் குளிர்ந்துபோக வேண்டாம், எனக்கே அது பிடிக்கவில்லை. அங்கே வருகிறேன். கூண்டில் ஏறி, மாடியில் ஜிம் இருந்ததை இன்ன நாளில் இன்னாரிடம் சொன்னேன், அதற்குப் பிறகுதான் காலியானது என்று சாட்சி சொல்கிறேன். தேதி மட்டும் எழுதுங்கள்.

டீச்சர்

---

மார்ச் 28

டீச்சருக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுதினால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய்.

நீ கூண்டில் ஏறி அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொன்னால், அதன் பிறகு அந்த நகரத்தில் எந்த அலுவலகமும் உன்னை உள்ளே விடாது. நான் ஏறினால் போவது என் மானம் மட்டும்தான். அது இங்கே இருக்கிற நாலு தெருவுக்குள்தான் செல்லுபடியாகும். அதனால் கடைக்காரர்களை வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். வாட்ச்காரர் கண்டபடி ஏசினார். டெய்லர், "வீட்ல சொல்றதுதானே சார், சகஜம்தான்" என்றார். அவர் ஏசியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

சாட்சி சொல்கிறவன் அதே வழக்கை நடத்தக்கூடாது. வழக்கை யாரிடம் கொடுப்பது? உனக்குப் பிடிக்காது, எதிர் அறை வக்கீலம்மாவிடம்தான் கொடுத்தேன். வழக்குக் கட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதை ஏன் சார் உங்க வீட்ல சொன்னீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

நேற்று கூண்டில் ஏறினேன். இத்தனை வருடம் கீழே நின்று மேலே பார்த்துக் கேள்வி கேட்டவன். மேலே நின்றால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜிம்மைக் கண்ணால் பார்த்தேன், அதை மனைவியிடம் சொன்னேன், அது எதிர்த்தரப்புக்குப் போனது, மாடி காலியானது என்று வரிசையாகச் சொன்னேன். தாடிக்காரன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். உள்ளூர் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது, அவன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். அவர் அதைப் பார்த்துப் படித்தார்.

"கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொன்னீங்க? நீங்க சொல்றதே கட்டுக்கதைதானே?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மனைவியின் படிப்புக்காக என்று சொன்னால் எல்லாருமே தலையாட்டியிருப்பார்கள். வாயில் அதுதான் வந்தது, விழுங்கிவிட்டேன்.

"பொறாமைங்க" என்றேன்.

"யார் மேல?"

"பின்னாடி உக்காந்திருக்காரே, அவர் மேல. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவர். என்னைவிடப் பெரிய இடத்துக்குப் போயிட்டார். என் வழக்கு அவர் காதுல விழணும்னு ஆசைப்பட்டேன். நான்தான் சொல்லச் சொல்லி எழுதினேன்."

நீதிபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "பொறாமைன்னே போடுங்க" என்றார். தாடிக்காரன் ஃபைலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துப் பட்டை கோணலாக இருந்தது, இன்னமும் அவனுக்குக் கட்டத் தெரியவில்லை.

அடுத்து வக்கீலம்மா ஜிம் மாஸ்டரையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். ஒரே நாளில் காலி செய்யச் சொன்னதில் மனிதர் கொதித்துப்போயிருந்தார். "கட்டடம் கல்லு மாதிரி இருக்கு சார், நூறு கிலோ குண்டைப் போட்டுப் பாத்திருக்கோம்" என்றார். இன்று காலையில் உரிமையாளரின் மனு தள்ளுபடி.

எல்லாரும் வக்கீலம்மாவுக்கு மாலை போடாத குறை. டெய்லர் மகள் கல்யாணப் பத்திரிகையை முதலில் கொண்டுபோய் அவருக்குத்தான் வைத்தார். நான் கண்டுபிடித்த ஜிம். உனக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா, எனக்கு எப்படி இருந்தது என்று?

பார் கவுன்சிலில் இருந்து விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வரும். வரட்டும். நீ வேறு இடங்களில் முயற்சி செய். மை வெளுத்துவிட்டது.

உன்,
வக்கீல்

---

ஏப்ரல் 9

வக்கீல் சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க உங்கள் மேல் ஆத்திரமாக இருந்தேன். என்னைக் கேட்காமல் எனக்குப் பதிலாக உங்களைக் கூண்டில் ஏறச் சொன்னது யார்? மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. அறைத்தோழியிடம் கண்ணில் தூசி என்றேன்.

நேற்று ஒரு நேர்காணல். பெரிய இடம் இல்லை. கட்டட வேலைக்காரர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் வழக்காடுகிற அலுவலகம், ஒரு பழைய மாடியில் மூன்று அறை. லிஃப்ட் கிடையாது. ஒரு வயதான அம்மாளும் ஒரு இளைஞரும் கேள்வி கேட்டார்கள். யாருடனும் காபி குடிக்காமல் போனேன்.

"உங்க பலவீனம் என்னம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

தூங்கமாட்டேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. "பொறாமைங்க" என்றேன். "எனக்கும் உண்டு, என் வீட்டுக்காரருக்கும் உண்டு. அவர் அதைக் கோர்ட்டில் சத்தியம் செய்தே சொல்லியிருக்கிறார்" என்றேன். இளைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் முழுக் கதையையும் கேட்டார். இந்தத் தடவை வழக்கு முடிந்திருந்ததால் சொன்னேன், மேஜையைத் தட்டிக் காட்டவில்லை.

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை வாருங்கள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. மை வேண்டாம்.

வக்கீலம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தள்ளி நின்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்